ஆங்கிலத்துக்கு அந்த நாற்காலி தகுமா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பல வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையருக்கும் (சரக்கு வாங்குபவருக்கும்) உள்ளூர் கட்டிங் மாஸ்டருக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. அங்கிருந்து வருகிற மெயிலைப் படித்து இங்கே தமிழில் சொல்ல வேண்டும். இங்கே முடியாததை அங்கே ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை இங்கிலாந்து பையர் ஒருவருக்கு டி-ஷர்ட் சாம்பிள் அனுப்பியிருந்தோம். ‘கொய்ட் குட்’ என்று பதில் வந்தது. கூடவே, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கிற பட்டை) இன்னும் கொஞ்சம் மிருதுவாக இருக்கலாமோ என்று தோன்றுவதாக ஒரு வரி. ‘ரொம்ப நன்றாக இருக்கிறது, முடிந்தால் ரிப்பைப் பாருங்கள்’ என்று நான் எடுத்துக்கொண்டேன். கட்டிங் போட்டு, தைத்து, செக்கிங் முடிந்து, பேக்கிங்குக்கு முந்தைய இன்ஸ்பெக்‌ஷனில்தான் விஷயம் வெளியே வந்தது. பிரிட்டிஷ்காரர் ‘கொய்ட் குட்’ என்றால் ‘ஏதோ பரவாயில்லை’ என்று பொருள். ‘தோன்றுகிறது’ என்றால் ‘மாற்று’ என்று பொருள். அதே சொல்லை ஓர் அமெரிக்கர் எழுதியிருந்தால் நான் புரிந்துகொண்டதுதான் சரியாக இருந்திருக்கும்.

3,000 பீஸின் கழுத்தைப் பிரித்து வேறு ரிப் வைத்துத் தைக்க நான்கு ராத்திரி ஷிப்ட் ஓடியது. செலவு முழுக்க எங்கள் கணக்கில்.

அதே மாதம் இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த மெயில்களில் இலக்கணம் தள்ளாடும். ‘நெக் ஹார்ட். சேஞ்ச் ரிப். பிளீஸ்.’ அவ்வளவுதான் இருக்கும். அவர்களோடு ஒரு தடவைகூட இப்படித் தப்பு நடந்ததில்லை. ஆங்கிலம் யாருக்குத் தாய்மொழியோ அவரோடுதான் ஆங்கிலத்தில் பேசிப் பணத்தை இழந்தோம். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: உலகத்துக்கே பொதுமொழி என்ற நாற்காலியில் ஆங்கிலம் உட்கார்ந்திருப்பது சரிதானா? வேறு எதை உட்கார வைக்கலாம்?

முதலில், அது அங்கே வந்து உட்கார்ந்த கதை. மொழியின் அழகைப் பார்த்து யாரும் வாக்களிக்கவில்லை. கப்பலும் துப்பாக்கியும் போன இடமெல்லாம் அது போனது. இந்தியாவில் 1835இல் ஆங்கிலேய நிர்வாகி மெக்காலே கல்வி பற்றிய தன் அறிக்கையை எழுதியபோது, ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் நடுவே ஒரு வகுப்பு வேண்டும் என்றுதான் வெளிப்படையாகச் சொன்னார். ஐரோப்பாவின் ராஜதந்திர மொழியாக இருநூறு வருடம் இருந்தது பிரெஞ்சு. 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில்தான் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சோடு சமமான இடம் கிடைத்தது. அறிவியலிலும் அதே கதை. 1905இல் ஐன்ஸ்டைன் தன் புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதியது ஜெர்மனில். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானிய அறிவியலாளர்களை மற்ற நாட்டவர் ஒதுக்கிவைத்தார்கள். 1933க்குப் பிறகு நாஜிகளே தங்கள் அறிஞர்களைத் துரத்தினார்கள். அவர்களில் பலர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். இந்த வரலாற்றில் மொழியின் தகுதி என்று ஒன்று எங்கேயும் வரவில்லை.

ஆங்கிலம் எளிது என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை, வினைத் திரிபு குறைவு. ஆனால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். டஃப், த்ரூ, தோ, காஃப் என்று நாம் சொல்கிற நான்கு சொற்களுக்கும் கடைசியில் வருவது அதே நான்கு எழுத்துகள். எழுத்து தெரிந்தால் வாசித்துவிடலாம் என்று பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது முதல் அடி. அடுத்தது, சின்னச் சின்னச் சொற்களைச் சேர்த்து ஆயிரம் பொருள் செய்கிற வழக்கம். ‘கெட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் அப், ஓவர், பை, அலாங் என்று எதைப் போட்டாலும் வேறொரு பொருள் வந்து நிற்கிறது. அவர்களுக்குள்ளேயே கூட ஒத்துப்போவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைவர்கள் கூடிய கூட்டத்தில் ‘டேபிள்’ என்ற ஒரு சொல்லை வைத்து நீண்ட வாக்குவாதம் நடந்ததைச் சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார். பிரிட்டிஷாருக்கு அது ‘இப்போதே எடுத்துப் பேசுவோம்’. அமெரிக்கருக்கு ‘ஒத்திவைப்போம்’. இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான்.

ஆனால் எனக்கு எளிமையைவிடப் பெரிய கேள்வி, செலவு யாருடையது என்பது. பொதுமொழி என்றால் ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. எல்லோரும் சேர்ந்து வெட்டினால் எல்லோரும் இறைக்கலாம். இங்கே ஒரு வீட்டார் மட்டும் தங்கள் புழக்கடையில் இருந்த கிணற்றைக் காட்டி, ‘வாங்க, நடந்து வந்து எடுத்துக்கங்க’ என்கிறார்கள். ஆங்கிலத்தை ஏதோ ஓர் அளவில் பேசுகிறவர்கள் சுமார் 150 கோடி. அதில் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 40 கோடி. மீதிப் பேர் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வருடம், அப்புறம் டியூஷன், தேர்வுக் கட்டணம் என்று நடந்துகொண்டே இருக்கிறார்கள். பிரான்சுவா கிரன் என்ற சுவிஸ் பொருளாதார அறிஞர் 2005இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆங்கிலம் ஆதிக்கமாக இருப்பதால் பிரிட்டனுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 கோடி யூரோ ஆதாயம் என்றார். 2023இல் வெளியான இன்னொரு ஆய்வு, 8 நாடுகளின் 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களைக் கேட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்படுவது சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. கண்டுபிடிப்பில் குறை இருந்து திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். இது அப்படி இல்லையே.

சரி, வேறு என்ன இருக்கிறது?

என் மனதுக்குப் பிடித்தது எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று போலந்தில் இருக்கும் பியாவிஸ்டாக் நகரம் அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. போலந்துக்காரர், ரஷ்யர், ஜெர்மானியர், யூதர் எல்லோரும் ஒரே ஊரில், ஒருவரை ஒருவர் நம்பாமல் வாழ்ந்தார்கள். அங்கே பிறந்த ஸாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887இல் ஒரு சிறு நூலாக இந்த மொழியை வெளியிட்டார். 16 இலக்கண விதிகள். விதிவிலக்கு கிடையாது. தமிழ் தெரிந்தவருக்கு இதன் கட்டுமானம் உடனே பிடிபடும், ஏனென்றால் நம்மைப் போலவே ஒட்டு மேல் ஒட்டு வைத்துப் போகிறது. ‘சானா’ என்றால் நலமான. முன்னால் ‘மல்’ சேர்த்தால் எதிர்ப்பொருள், ‘மல்சானா’ என்றால் நலமில்லாத. ‘உல்’ என்பது ஆளைக் குறிக்கும் ஒட்டு, ‘மல்சானுலோ’ நோயாளி. ‘எயோ’ இடத்தைக் குறிப்பது, ‘மல்சானுலெயோ’ மருத்துவமனை. ஒரே வேரிலிருந்து நான்கு சொல் கிடைத்துவிட்டது, மனப்பாடம் செய்தது மூன்று ஒட்டுகளை மட்டும். ஆங்கிலத்தில் இதே நான்கையும் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும்.

இதன் பெரிய பலம், அது எந்த நாட்டுடைய மொழியும் இல்லை என்பது. எல்லோரும் கற்றுத்தான் ஆக வேண்டும், அதனால் கூச்சமும் எல்லோருக்கும் சமம். 1920களின் தொடக்கத்தில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் எஸ்பெராண்டோவைப் பள்ளிகளில் கற்பிக்கலாம் என்ற யோசனை வந்தபோது, ஆதரித்த நாடுகளில் இந்தியா, சீனா, பாரசீகம் எல்லாம் இருந்தன. கடுமையாக எதிர்த்தது பிரான்ஸ். தன் மொழியின் இடம் போய்விடும் என்ற பயம். (அந்த இடம் அப்போது ஆங்கிலத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்று பின்னால் திரும்பிப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.) பிறகு ஹிட்லரும் ஸ்டாலினும் எஸ்பெராண்டோ பேசியவர்களை வேட்டையாடினார்கள். ஸாமென்ஹோஃபின் மூன்று பிள்ளைகளும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1954இல் யுனெஸ்கோ மான்டிவிடியோ மாநாட்டில் இந்த மொழியை அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. அதோடு சரி.

குறை இல்லாமல் இல்லை. அதன் வேர்ச்சொற்கள் பெரும்பாலும் லத்தீன் வழி வந்தவை. இத்தாலியர் ஒருவர் பாதியை ஊகித்துவிடுவார், நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அது தோற்றதற்குக் காரணம் இந்தக் குறை அல்ல என்றே நினைக்கிறேன். ஒரு மொழியைக் கற்பவன் நாளைக்கு அதைப் பேச ஆள் வேண்டும் என்று பார்க்கிறான். ஆள் சேர்ந்தால்தான் கற்பான், கற்றால்தான் ஆள் சேரும். அந்த முடிச்சை அவிழ்க்கப் பேரரசு வேண்டும், இல்லையென்றால் பெரிய சந்தை வேண்டும். எஸ்பெராண்டோவுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. என் கம்பெனியில் சேர வந்த ஒரு பையனிடம் ‘எஸ்பெராண்டோ படி’ என்று நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

மாண்டரின், ஸ்பானிஷ், பிரெஞ்சு மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். மாண்டரினுக்குப் பேசுபவர் எண்ணிக்கை நூறு கோடிக்கு மேல், ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். எழுத்து கற்கவே வருடங்கள் வேண்டும். ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு நேர்மையானது, 20 நாடுகளில் ஆட்சிமொழி. பிரெஞ்சு இன்னும் உலக அஞ்சல் ஒன்றியத்திலும் ஒலிம்பிக்கிலும் மரியாதையோடு இருக்கிறது, ஆனால் ருவாண்டா போன்ற நாடு 2008இல் பள்ளிகளைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டது. இந்த மூன்றில் எதை வைத்தாலும் கிணறு ஒரு புழக்கடையிலிருந்து இன்னொரு புழக்கடைக்குப் போகும். நடப்பது நாம்தான்.

புழக்கடையில் இல்லாத கிணறு ஒன்றை ஒரு நாடு தேர்ந்தெடுத்தது. 1928 அக்டோபர் 28 அன்று, டச்சு ஆட்சியில் இருந்த பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இளைஞர்கள் கூடி ஒரே தாயகம், ஒரே தேசம், ஒற்றுமைக்கு ஒரு மொழி என்று உறுதிமொழி எடுத்தார்கள். அந்தத் தீவுகளில் மிகப் பெரிய இனம் ஜாவானியர். ஜாவானிய மொழிக்கு நீண்ட இலக்கிய மரபும் உண்டு. ஆனால் அதில் பெரியவரிடம் பேச ஒரு சொற்கோவை, சிறியவரிடம் பேச வேறொன்று. வாயைத் திறந்தால் யார் மேல் யார் கீழ் என்று சொல்லியாக வேண்டும். இளைஞர்கள் தேர்ந்தெடுத்தது மலாயை. தாய்மொழியாகப் பேசியவர்கள் சிறுபான்மை, ஆனால் துறைமுகத்துக்குத் துறைமுகம் வணிகர்கள் பேசிப் பழகிய மொழி. நம் கப்பல் அங்கே ‘கபால்’ ஆனதும், கடை ‘கெடாய்’ ஆனதும், கட்டில் ‘காத்தில்’ ஆனதும் அந்தத் துறைமுகப் பேச்சில்தான். எண்ணிக்கையில் பெரியவர்கள் தங்கள் மொழியைத் திணிக்காமல் ஒதுங்கி நின்றதால் இந்தோனேசியாவுக்கு ஒரு பொதுமொழி கிடைத்தது. எனக்குத் தெரிந்து இவ்வளவு கண்ணியமான மொழித் தேர்வு வேறு இல்லை.

இதே தராசைத்தான் தமிழ்நாடும் பிடித்தது. அரசியலமைப்பு கொடுத்த 15 வருடக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகவிருந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. 1967இல் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் தொடர்வது உறுதியானது. அப்போது நம் பக்கத்து வாதம் எளிமையானது: இந்தி வந்தால் ஒருவருக்கு அது தாய்ப்பால், இன்னொருவருக்குத் தேர்வுப் பாடம். ஆங்கிலம் என்றால் எல்லோருக்கும் அன்னியம், அதனால் எல்லோருக்கும் சமம். இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து, அதன் காயத்தோடு 1987இல் ஆங்கிலம் இணைப்பு மொழி என்று எழுதப்பட்டதற்குப் பின்னாலும் இந்த நியாயமே இருக்கிறது. நான் இதை முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் இதே வாதத்தை உலக அளவுக்கு எடுத்துப்போனால் அது நமக்கு எதிராகத் திரும்புகிறது. இந்தியாவுக்குள் ஆங்கிலம் ஏறக்குறைய யாருடைய தாய்மொழியும் இல்லை. உலகத்தில் 40 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. டெல்லியில் நடுநிலையாக இருக்கிற மொழி, லண்டன்காரரோடு பேசும்போது நடுநிலையாக இல்லை.

பொதுமொழியே வேண்டாம், எல்லாவற்றையும் மொழிபெயர்ப்போம் என்பது இன்னொரு வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 ஆட்சிமொழிகள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 23க்கும் என்றால் 552 இணைகள். இவ்வளவு பெரிய மொழிபெயர்ப்பு ஏற்பாட்டுக்குப் பின்னும் அலுவலக நடைக்கூடத்தில் ஓடுவது ஆங்கிலம். 2020இல் பிரிட்டன் வெளியேறிய பிறகும் அது குறையவில்லை. எனக்கு இது நல்ல சேதியாகவே படுகிறது. வீட்டுக்காரர் எழுந்து போன பிறகு அந்தக் கிணறு மெல்லப் பொதுக்கிணறு ஆகிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் கைப்பேசி. இன்றைக்குத் திருப்பூரில் ஒடியாவும் போஜ்புரியும் பேசுகிற தொழிலாளர்கள் சூப்பர்வைசரிடம் போனை நீட்டிப் பேசுகிறார்கள். சம்பளம், லீவு, ரூம் வாடகை என்று வேலை நடக்கிறது. இதை நான் மதிக்கிறேன், மொழி தெரியாததால் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ‘கொய்ட் குட்’ மெயிலை எந்திரத்திடம் கொடுத்தால் அதுவும் ‘மிக நன்று’ என்று சொல்ல வாய்ப்பு அதிகம். சொல்லுக்குப் பின்னால் இருக்கிற மனிதரை அதற்குத் தெரியாது. இணையத்தில் எழுத்து அதிகம் இருக்கிற மொழிகளுக்குத்தான் அது நன்றாக உழைக்கிறது, படுகருக்கோ இருளருக்கோ இன்னும் அதன் கை எட்டவில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார வைக்க முடியாது.

ஆக, சுற்றி வந்தால் ஆங்கிலத்திடம்தான் நிற்கிறோம். அதை எந்த நிலையில் வைத்துக்கொள்வது என்பதற்கு எனக்கு வழிகாட்டியாகப் படுவது விமானத் துறை. அங்கே தப்புக்கு விலை உயிர்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு, ஓடுபாதை முழுக்க மூடுபனி. டச்சு விமானத்தின் துணை விமானி ரேடியோவில் ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்றார். கிளம்பி ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் சொல்ல வந்தது. கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்று ஸ்பானிய கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். இருவரும் தங்களுக்குத் தாய்மொழி அல்லாத மொழியில் பேசினார்கள். அதே பாதையில் எதிரே இன்னொரு ஜம்போ விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி, கசகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபோதும், கசக் விமானிகளின் ஆங்கிலப் போதாமை காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது.

விமானத் துறை அதற்குப் பிறகு செய்ததைப் பாருங்கள். ஆங்கிலத்தைத் தூக்கி எறியவில்லை, அதை வெட்டித் தைத்தது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை நிஜமாகவே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்ல வேண்டும், மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’. எண்களை அதற்கும் முன்பே மாற்றிவைத்திருக்கிறார்கள். மூன்று என்பதை ‘ட்ரீ’ என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘த்ரீ’யின் முதல் ஒலி உலகத்தில் பாதிப் பேருக்கு வராது. ஆயிரம் ‘டௌசண்ட்’. இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’. 2008இலிருந்து சர்வதேச விமானிகளுக்கு மொழித் திறன் அளவுகோல் வந்தது. லண்டனில் பிறந்தவரும் டெக்சாஸில் பிறந்தவரும் இந்தச் சொற்றொடர்களைப் படித்தே ஆக வேண்டும், வீட்டுப் பேச்சை ரேடியோவில் பேசக் கூடாது. கப்பல் துறையிலும் இப்படி ஒரு நிலையான சொற்றொடர்த் தொகுப்பு 2001இல் ஏற்கப்பட்டது. ஆங்கிலம் உலகத்துக்காக வளைந்து கொடுத்த இடங்கள் இவை. ஆங்கிலேயரும் நடந்து வந்து தண்ணீர் எடுக்கிற இடங்கள்.

என் தேர்வு இதுதான். ஆங்கிலத்துக்கு அந்த நாற்காலி பிறப்புரிமையாகத் தகாது. வேலைக்கு அமர்த்தப்பட்ட மொழியாக இருந்தால் இருக்கட்டும், அதற்கு நிபந்தனை உண்டு. அறிவியல் இதழ்கள் மொழித் திருத்தச் செலவைக் கட்டுரையாளர் தலையில் கட்டாமல் தாங்களே ஏற்க வேண்டும். ஒப்பந்தத்திலும் மருந்துச் சீட்டிலும் சர்வதேசக் கூட்டத்திலும் இரண்டாம் மொழியாகக் கற்றவருக்குப் புரிகிற ஆங்கிலமே சரியான ஆங்கிலம் என்று வர வேண்டும். உச்சரிப்பை வைத்து ஆளை எடை போடுவது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழில் சிந்திக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தை ஒரு கருவியாகக் கையில் கொடுக்க வேண்டும். அதை வீட்டுக்குள் குடிவைத்துவிட்டுத் தமிழைத் திண்ணைக்கு அனுப்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அந்த ராத்திரி ஷிப்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து பையருக்கு ஒரு மெயில் எழுதினேன். சாம்பிள் கருத்துகளை இனி மூன்றே சொற்களின் கீழ் தரும்படி கேட்டு, ஒரு பக்கத் தாளை இணைத்திருந்தேன்: ஓகே, சேஞ்ச், ஸ்டாப். கோபப்படுவாரோ என்று தயங்கித்தான் அனுப்பினேன். அடுத்த சாம்பிளுக்கு அந்தத் தாளிலேயே பதில் வந்தது. ஓகே: பாடி, ஸ்லீவ், பிரிண்ட். சேஞ்ச்: நெக் ரிப், 1 செ.மீ. குறைவு. கட்டிங் மாஸ்டரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவர் டேப்பை எடுத்துவிட்டார்.